அச்சரப்பாக்கம்: ஊரும் ஏரியும் மக்களும்

சென்னையிலிருந்து தெற்கே திண்டிவனம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஒருமுறையேனும் பயணம் செய்யாத குடும்பம் நம் பங்குகளில் இராது. செங்கல்பட்டைக் கடந்து, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, மதுராந்தகத்தையும் மேல்மருவத்தூரையும் விட்டு அகன்றதும், சாலையோரத்தில் ஒரு பாறைக் குன்று தோன்றும். பேருந்தில் இருப்போருள் சிலர் சிலுவை அடையாளம் வரைந்துகொள்வர். "மழை மலை மாதா கோவில்" என்று தாய்மார் தம் பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டுவர். அதற்குள் ஊர் பின்னால் போய்விடும். அவ்வூரே அச்சரப்பாக்கம்.

திருப்பயணிகளாக அங்கு செல்வோரும் பெரும்பாலும் குன்றையும் ஆலயத்தையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். குன்றின் அடியில் ஓர் ஊர் இருக்கிறது. அவ்வூருக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாத வரலாறு இருக்கிறது. அங்கு உழுதும் விற்றும் படித்தும் வாழும் மக்கள் இருக்கின்றனர். அவர்களை நாம் அறிந்துகொள்ளாமல் திரும்புவது, விருந்துக்குச் சென்ற வீட்டில் வீட்டாருடன் பேசாமல் வருவதைப் போன்றதன்றோ? ஆகவே அச்சரப்பாக்கத்தின் நிலத்தையும் வரலாற்றையும் மக்களையும் பற்றி நாம் அறிந்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

பெயர் வந்த வழி

சென்னையிலிருந்து ஏறக்குறைய 95 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூரின் பெயரைச் சிலர் அச்சரப்பாக்கம் என்பர். சிலர் அச்சிறுபாக்கம் என எழுதுவர். ஊராட்சி ஒன்றியத்தின் பெயர்ப்பலகையில் ஒரு வடிவத்தையும் பேருந்தின் நெற்றியில் மற்றொரு வடிவத்தையும் காணலாம். 'அச்சு இறு பாக்கம்' என்பதே மூலம் என்பது மரபு. 'இறுதல்' என்றால் முறிதல். திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் விநாயகரை நினையாமல் தேரேறியதால் தேரின் அச்சு இவ்விடத்தில் முறிந்தது என்பது சைவ மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் புராணக் கதை. அருணகிரிநாதரின் திருப்புகழிலும் இக்கதை குறிக்கப்பெறுகிறது.

'பாக்கம்' என்னும் சொல்லும் கருதத்தக்கது. பழந்தமிழில் அது கடற்கரைச் சிற்றூரைக் குறித்தது. தொண்டை நாட்டிலோ கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களும் அப்பெயரைத் தாங்குகின்றன. நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், ஊரப்பாக்கம் என எத்தனை ஊர்கள்! அவற்றுள் பல இன்று மாநகரில் கரைந்துவிட்டன. அச்சரப்பாக்கம் இன்னும் வயல்களுக்கு நடுவே பாக்கமாகவே நிற்கிறது.

ஊரின் பழைமைக்குச் சான்று ஆட்சீசுவரர் திருக்கோவில். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடியுள்ளார். தேவாரப் பாடல் பெற்ற தொண்டை நாட்டுத் தலங்கள் முப்பத்திரண்டனுள் இஃதும் ஒன்று. ஒரே கோவிலில் ஆட்சீசுவரர், உமையாட்சீசுவரர் என இரண்டு மூலவர் சந்நிதிகள் அமைந்திருப்பது இதன் தனிச்சிறப்பு. கிழக்கே கடற்கரையில் மாமல்லபுரத்துப் பாறைகளைப் பல்லவரின் சிற்பிகள் குடைந்துகொண்டிருந்த அதே நூற்றாண்டில், இந்த உள்நாட்டு ஊரும் பாடல் பெறும் அளவுக்குப் பெயர் பெற்றிருந்தது என்பதை எண்ணும்போது வியப்புத் தோன்றுகிறது.

நிலமும் நீரும்

அச்சரப்பாக்கத்தின் நிலத்தை அறிய விரும்புவோர் குன்றின்மேல் ஏறி நின்று நாற்புறமும் நோக்குதல் நலம். மலைத்தொடர் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஆங்காங்கே கரும்பாறைக் குன்றுகள், அவற்றுக்கிடையே மெல்லச் சரியும் சமவெளி, வரப்போரப் பனைகள், இவற்றுக்கு நடுவில் பிறை நிலவைப்போல் வளைந்த ஏரிக்கரைகள். வற்றாத பேராறு எதுவும் இவ்வட்டாரத்தில் ஓடவில்லை. வடக்கே மதுராந்தகத்தை ஒட்டிக் கிளியாறும், தெற்கே விழுப்புரம் மாவட்ட எல்லைப் பக்கம் ஓங்கூர் ஆறும் உள்ளன. இரண்டும் மழைக்காலத்தில் பெருகி, கோடையில் மணலாகக் கிடப்பவை.

ஆகவே இந்நாட்டின் பயிர்த்தொழில் ஏரியை நம்பியது. ஏரியோ மழையை நம்பியது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் வடகிழக்குப் பருவமழையைத் தேக்கிவைத்து, தையிலும் மாசியிலும் அதைக்கொண்டு நெல் விளைவிப்பதே இங்குள்ளோர் கண்ட வழி. சரிவான நிலத்தின் குறுக்கே மண்கரை எழுப்பி நீரைத் தடுப்பர். வயலுக்கு நீர்விட மதகு. மிகுதி நீர் வெளியேறக் கலங்கல். ஓர் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் அடுத்த ஊரின் ஏரிக்குள் சென்று சேரும். சிறிய ஏரிகளைத் 'தாங்கல்' என்பர். மேலேயுள்ள ஊரார் தம் ஏரியைப் பேணாவிட்டால் கீழேயுள்ள ஊருக்குக் கேடு. கீழேயுள்ளோர் வாய்க்காலை அடைத்தால் மேலேயுள்ளோர் வயல் மூழ்கும். தனியொரு ஊர் தானே பிழைத்துக்கொள்ள முடியாதபடி நிலமே இவர்களைப் பிணைத்திருக்கிறது.

செங்கல்பட்டை 'ஏரி மாவட்டம்' என்று சொல்வது வெறும் புகழ்ச்சியன்று. இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்த ஏரிகள் மட்டும் 528 எனக் கணக்கிடப்பட்டுள்ளன. ஊராட்சிகளின் பொறுப்பிலுள்ள சிற்றேரிகளும் குளங்களும் இவற்றுக்குப் புறம்பானவை.

கணக்கில் ஏறிய காலம்

இந்நாட்டு ஊர்களைப் பற்றி விரிவாக எழுதப்பட்ட பழைய கணக்கு ஒன்று உண்டு. ஆர்க்காட்டு நவாபு 1763-இல் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராக அளித்தார். பின்னர் தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை அச்சீமையின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஒவ்வோர் ஊரிலும் நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, ஏரி எவ்வளவு, வீடுகள் எத்தனை, எத்தொழில் செய்வோர் எத்தனைபேர் என்பவை அதில் உள்ளன. அதற்கு அடிப்படையான ஊர்க் கணக்குகள் தமிழில் பனையோலையில் எழுதப்பட்டவை. நம் காலத்தில் தரம்பால் என்னும் அறிஞரின் ஆய்வால் இவை மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன.

அக்கணக்குகளில் நம் நெஞ்சைத் தொடுவது விளைச்சலைப் பங்கிட்ட முறையாகும். களத்தில் நெல் குவிந்ததும், அரசுக்கும் உழவருக்கும் பிரிப்பதற்கு முன்னரே, ஏரி பராமரிப்புக்கு ஒரு பங்கு, கோவிலுக்கு ஒரு பங்கு, கணக்கருக்கு ஒரு பங்கு, தச்சருக்கும் கொல்லருக்கும் நாவிதருக்கும் வண்ணாருக்கும் வெட்டியாருக்கும் பங்கு எனப் பல பங்குகள் எடுத்து வைக்கப்பட்டன. ஏரிக்கென்று நெல் ஒதுக்கப்பட்டதால் ஏரிக்கரை காலந்தோறும் செப்பனிடப்பட்டது.

ஆயினும் அந்நாட்களை வெறும் பொற்காலமென்று எண்ணிவிடல் ஆகாது. பங்குகள் சமமானவை அல்ல. நிலத்தின்மீது காணியாட்சி உரிமை சிலரிடமே இருந்தது. சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்கள், ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர்கள், அறுத்தவர்கள், அடித்தவர்கள் ஆகியோர்க்குக் காணி நிலமும் இல்லை. இக்குறையைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

1780-இல் ஹைதர் அலியின் படைகள் கர்நாடகச் சீமைக்குள் புகுந்தன. கும்பினிப் படைக்கும் அவற்றுக்கும் நடந்த போரில் செங்கல்பட்டுச் சீமை பாழாயிற்று. ஊர்கள் வெறுமையாயின, ஏரிகள் உடைந்து கிடந்தன, பஞ்சம் சூழ்ந்தது. அதற்குப்பின் 1790-களில் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் என்பார் ஏரிகளைப் புதுப்பிப்பதில் முனைந்தார். மதுராந்தகம் பேரேரியின் கரை ஒரு பெருமழை இரவில் உடையாமல் தப்பியதையும், அதன் நினைவாக அவர் அவ்வூர் இராமர் கோவிலில் தாயார் சந்நிதி அமைக்க உதவியதையும் பற்றிய வரலாற்றை அங்குள்ளோர் இன்றும் சொல்வர். அக்கோவிலுக்கு 'ஏரி காத்த இராமர் கோவில்' என்றே பெயர். வேடந்தாங்கல் ஏரியில் வந்து தங்கும் நீர்ப்பறவைகளைக் காக்கும் உரிமையை அவ்வூர் மக்களுக்கு 1798-இல் எழுத்து மூலம் வழங்கியவரும் அவரே. பறவைகளின் எச்சம் ஏரிநீரை உரமாக்கியது. அந்நீர் பாய்ந்த வயல் செழித்தது. ஆகையால் அம்மக்கள் பறவைகளைத் தம் பிள்ளைகளைப் போல் பேணினர். வேடந்தாங்கல் 2022-இல் உலக அளவிலான ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும்

1870-களில் தென்னிந்திய ரயில்வேயின் இருப்புப்பாதை செங்கல்பட்டிலிருந்து தெற்கே விழுப்புரம் நோக்கி நீண்டது. தாது வருடப் பஞ்சமென நம் முன்னோர் நடுங்கிச் சொன்ன 1876–78 பெரும்பஞ்சமும் அதே காலத்ததே. கிழக்கே கடற்கரையை ஒட்டிச் செல்லும் பக்கிங்காம் கால்வாயில் பஞ்சநிவாரண வேலையாக மண் வெட்டியவர்களும் அந்நாளைய ஏழை உழவர்களே. இருப்புப்பாதை அச்சரப்பாக்கத்துக்கு ஒரு நிலையத்தைத் தந்தது. சென்னைப் பட்டணத்தை அருகில் கொண்டுவந்தது. 1960-களில் மின்சார வண்டிகள் ஓடலாயின. 1990-களின் இறுதியில் மீட்டர் பாதை அகலப்பாதையாயிற்று.

நெடுஞ்சாலையின் கதையும் இத்தகையதே. முன்னாளில் புளியமர நிழலில் மாட்டுவண்டிகள் சென்ற சாலை பின்னர் நான்கு வழிச்சாலையாக விரிந்தது. பயணம் விரைந்தது, ஊருக்குள் நின்று செல்வோர் குறைந்தனர். முன்பு வண்டியை நிறுத்தி மோர் குடித்தவர்கள் இன்று எண்பது கிலோமீட்டர் வேகத்தில் கடந்துபோகின்றனர். சாலையைக் கடக்க வேண்டிய முதியோரும் பள்ளிப் பிள்ளைகளும் நெடுநேரம் காத்து நிற்கின்றனர்.

மக்கள்

அச்சரப்பாக்கம் பேரூராட்சியின் மக்கள்தொகை 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பத்தாயிரத்தை ஒட்டி இருந்தது. 2021-இல் நடைபெற்றிருக்க வேண்டிய கணக்கெடுப்பு அவ்வாண்டு நடைபெறவில்லை. சிறிய ஊர்தான், எனினும் சுற்றுப்புறத்துக்கு இதுவே தலைமையிடம். அச்சிறுபாக்கம் ஊராட்சி ஒன்றியத்தில் 59 ஊராட்சிகள் உள்ளன. மாவட்டத்தின் எட்டு ஒன்றியங்களுள் ஊராட்சிகளின் எண்ணிக்கையில் இதுவே முதலாவது. ஒரத்தி, தொழுப்பேடு முதலிய ஊர்களின் மக்கள் கடைக்கும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் இங்கு வருகின்றனர்.

ஆட்சி எல்லைகள் பலமுறை மாறின. பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டது. இம்மாவட்டத்தின் ஒரு முனையில் பல்லாவரமும் தாம்பரமும், மறுமுனையில் அச்சரப்பாக்கம். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளும் விமான ஓசையும். இங்கே நெல்லும் வேர்க்கடலையும் கோடையில் சாலையோரம் குவிந்திருக்கும் தர்ப்பூசணியும். படித்த இளைஞர்கள் விடியற்காலை வண்டியேறி மறைமலைநகர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் சென்னைக்கும் சென்று இரவில் திரும்புகின்றனர். சிலர் திரும்புவதில்லை, அங்கேயே குடியேறிவிடுகின்றனர். வயலில் நிற்போரில் நரைத்த தலைகளே மிகுதி.

மேலே சொல்லாமல் விட்ட குறைக்கு இப்போது வருவோம். செங்கல்பட்டு கலெக்டராயிருந்த டிரெமன்ஹீர் என்பார் 1891-இல் இம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். குடியிருக்கும் மனையும் தமக்குச் சொந்தமில்லாமல், பரம்பரைக் கடனால் கட்டுண்டு, உரிமையின்றி உழைத்தோரின் வாழ்வை அவ்வறிக்கை எடுத்துரைத்தது. சீர்திருத்தச் சபைப் போதகர்கள் சிலரும் இதற்காகக் குரல் எழுப்பினர். அதன் விளைவாக 1892-இல் இம்மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசு ஆணை பிறந்தது. அந்நிலமே 'பஞ்சமி நிலம்' எனப்படுவது. முதற் பத்தாண்டுகள் விற்கலாகாது. அதன்பின்னும் அம்மக்களுக்குள்ளேயே அன்றிப் பிறருக்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. காகிதத்தில் நிபந்தனை இருந்தது. நிலமோ பல இடங்களில் பிறர் கைக்குப் போயிற்று. அதை மீட்கக் கோரி இதே மாவட்டத்தில் காரணை என்னும் ஊரில் மக்கள் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இரு இளைஞர்கள் உயிரிழந்தனர். அவ்விரண்டு பெயர்களும் அருகருகே நிற்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

அச்சரப்பாக்கம் 2006 தேர்தல் வரை தாழ்த்தப்பட்டோர்க்குரிய தனித் தொகுதியாகச் சட்டமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பிவந்தது. தொகுதி மறுவரையறைக்குப்பின் அப்பெயர் நீங்கியது. இப்போது தனித் தொகுதியாக இருப்பது மதுராந்தகம். இம்மக்கள் இவ்வட்டாரத்தில் எத்துணைப் பெருந்தொகையினர் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் கணக்கெடுப்பின் ஏட்டில் ஒரு விந்தை உண்டு. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராயிருப்போர் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் சேரார். பின்னர் 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அவ்வுரிமை விரிவாக்கப்பட்டது, கிறிஸ்தவருக்கு விரிவாக்கப்படவில்லை. ஒரே தெருவில், ஒரே தாத்தாவின் வழிவந்த இரண்டு வீடுகள். ஒரு வீடு பட்டியலுக்குள். ஞானஸ்நானம் பெற்ற மறுவீடு பட்டியலுக்கு வெளியே. வறுமையும் இழிவும் மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது. நம் பங்குகளில் பல குடும்பங்கள் இதை நாள்தோறும் அறிந்தவையே. ஊரின் மக்கள்தொகையை எழுதும்போது இதனை எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

இருளர் மக்களையும் நாம் மறத்தல் ஆகாது. ஏரிக்கரையோரமும் குன்றடியிலும் குடிசையமைத்து வாழும் இம்மக்கள் பாம்பையும் மூலிகையையும் நன்கறிந்தவர்கள். மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இவர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. 1978-இல் தொடங்கப்பட்ட அச்சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து பாம்புக்கடிக்கு மருந்து செய்யப்படுகிறது. நாடெங்கும் உயிர் காக்கும் கைகள் அவர்களுடையவை. வீட்டுமனைப் பட்டாவுக்கு மனுவெழுதிக் காத்திருக்கும் கைகளும் அவர்களுடையவையே.

மழை மலை

இப்போது குன்றுக்கு வருவோம். மழை பொய்த்து வறட்சி வாட்டிய காலத்தில் இவ்வூர் மக்கள் அன்னை மரியாளை நோக்கி மன்றாடினர் என்றும், மழை பெய்து ஏரிகள் நிறைந்தன என்றும், அன்றுமுதல் அன்னைக்கு 'மழை மலை மாதா' என்னும் பெயர் நிலைத்தது என்றும் மக்கள் சொல்வர். வேறு திருத்தலங்களில் அன்னை ஆரோக்கியம் தருபவராகவும் அடைக்கலம் தருபவராகவும் அழைக்கப்பெறுகிறார். இங்கோ மழை தருபவராக அழைக்கப்பெறுகிறார். மேற்சொன்ன ஏரிகளையும் வற்றும் ஆறுகளையும் பஞ்சங்களையும் நினைவில் கொண்டு பார்த்தால், இம்மண்ணின் உழவர் தம் அன்னைக்கு வேறு எப்பெயரை வைத்திருக்க முடியும்?

2002-இல் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு மறைமாவட்டம் பிரிந்து உருவானபின், இத்திருத்தலம் அம்மறைமாவட்டத்தின் முதன்மையான திருப்பயணத் தலங்களுள் ஒன்றாக விளங்குகிறது. குன்றின்மேல் ஏறுவோர் சிலுவைப்பாதையைத் தியானித்தபடி செல்கின்றனர். வருவோர் யாவரும் கத்தோலிக்கர் அல்லர். நெற்றியில் நீறணிந்தோரும், மேல்மருவத்தூர் செல்லும் வழியில் செவ்வாடையணிந்தோரும் மெழுகுவத்தி ஏற்றி வணங்கிச் செல்வதுண்டு. ஊருக்குள் ஆட்சீசுவரர் கோவில் மணியும் குன்றில் ஆலய மணியும் ஒரே வயலின்மேல்தான் ஒலிக்கின்றன.

ஆயினும் மழைக்காக மன்றாடும் நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். 2019-இல் மழை பொய்த்துச் சென்னை நகரம் குடிநீருக்குத் தவித்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, அண்டையிலுள்ள விழுப்புரம் மாவட்டத்தில் பெருமழை கொட்டி ஊர்களும் சாலைகளும் நீரில் மூழ்கின. வறட்சியும் வெள்ளமும் ஐந்தாண்டு இடைவெளியில்! வானம் கொடுத்ததைத் தாங்கிக்கொள்ள நம்மிடம் பாத்திரம் இல்லாமற்போனால் மன்றாட்டு கேட்கப்பட்டும் பயனென்ன? ஏரியின் வரத்துக் கால்வாயில் மனை பிரிக்கப்படுகிறது. தாங்கலில் குப்பை கொட்டப்படுகிறது. கலங்கல் தூர்ந்து கிடக்கிறது. முன்னோர் களத்துநெல்லில் ஏரிக்கென்று முதற்பங்கு எடுத்துவைத்தனர். நாம் எப்பங்கை எடுத்துவைக்கிறோம்?

ஆகவே, அடுத்த முறை உங்கள் பங்கிலிருந்து பேருந்து அமர்த்தி அச்சரப்பாக்கம் செல்லும்போது, திருப்பலி முடிந்தவுடன் திரும்பிவிடாதீர்கள். அரைநாள் தங்குங்கள். பிள்ளைகளைக் குன்றின் உச்சிக்கு அழைத்துச் சென்று ஏரிகளை எண்ணச் சொல்லுங்கள். எது மதகு, எது கலங்கல் என்று ஏரிக்கரையில் நடந்து காட்டுங்கள். அங்கு நாற்று நடும் தாய்மாரிடம் இவ்வாண்டு விளைச்சல் எப்படி, நிலம் யாருடையது, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேளுங்கள். உணவுப் பொட்டலங்களின் கழிவைக் குன்றில் விட்டுவிடாமல் திரும்ப எடுத்துவாருங்கள். வீடு திரும்பியபின் உங்கள் ஊர் ஏரியின் வரத்துக் கால்வாய் எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பாருங்கள். அது அடைபட்டிருந்தால் ஊர்ச்சபைக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். மழை மலையில் ஏற்றிய மெழுகுவத்திக்கு அது பொருத்தமான காணிக்கையாகும்.